பத்தில் ஒருவர்: நெகேமியாவின் எருசலேமுக்குக் குடிபோனவர்கள்

கீழவாசல்:

வேதாகமத்தின் நெகேமியா புத்தகம், பாரசீக ராஜா அனுப்பி யூதேயாவின் ஆளுநராக வந்து, இடிந்துகிடந்த எருசலேம் மதிலைக் கட்டிய நெகேமியாவைப் பற்றியது. நெகேமியா என்றதும் நம்மில் பலருக்கும் அந்த மதில்தான் நினைவுக்கு வரும். 52 நாளில் கட்டி முடித்த மதில், ஒரு கையில் வேலை, மறு கையில் ஆயுதம். சபையில் கட்டட நிதி திரட்டும் காலத்தில் 4-ஆம் அதிகாரப் பிரசங்கம் கேட்காதவர்கள் குறைவு. மதில் எழும்பிய பிறகு என்ன நடந்தது என்று பேசுபவர்கள்தான் இல்லை. எனக்கு அந்தப் பின்பாதிதான் பெரிய காரியமாகப் படுகிறது. அதற்காகவே இந்த இழை.

7-ஆம் அதிகாரத்தின் முதல் நாலு வசனங்களை நிதானமாகப் படித்துப் பாருங்கள். கதவுகள் போட்டாயிற்று. நகரப் பொறுப்பு இரண்டு பேரிடம் போகிறது: தம்பி முறையான ஆனானி, கோட்டைத் தலைவன் அனனியா. வெயில் ஏறுகிற வரை வாசலைத் திறக்கக் கூடாது. காவலாளிகள் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட வேண்டும். ஊர்க்காரர்களையே முறைவைத்துக் காவலுக்கு நிறுத்த வேண்டும், அவரவர் தம் வீட்டுக்கு எதிரே. இவ்வளவும் சொன்ன கையோடு அடுத்த வசனம் வேறொன்றைச் சொல்கிறது: பட்டணம் விசாலமும் பெரியதுமாக இருந்தது, உள்ளே ஜனம் கொஞ்சம், வீடுகள் கட்டப்படவில்லை.

அவரவர் வீட்டுக்கு எதிரே காவல் என்றால் முதலில் வீடு வேண்டாமா? மதில் நீளத்துக்கு ஆள் வேண்டாமா? அதற்கான பதில் 11-ஆம் அதிகாரத்தில் வருகிறது. தலைவர்கள் எருசலேமில் இருந்தார்கள். மற்ற ஜனங்கள் சீட்டுப் போட்டு, பத்தில் ஒருவரை எருசலேமுக்கு அனுப்பினார்கள், ஒன்பது பேர் தங்கள் ஊர்களிலேயே இருந்தார்கள். மனமுவந்து போக முன்வந்தவர்களை ஜனங்கள் வாழ்த்தினார்கள்.

பாபிலோனில் சிறையிருந்தபடி எருசலேமை நினைத்து அழுத சமுதாயம் இது. கி.மு. 538-ல் பாரசீக ராஜா கோரேசு திரும்பிப் போக அனுமதி கொடுத்தான், 515-ல் ஆலயமே கட்டி முடிந்தது. நெகேமியா வந்தது 445-ல். திரும்பி வந்து கிட்டத்தட்ட தொண்ணூறு வருடம் ஆகியும், அந்த ஊரில் குடியிருக்க ஆள் கிடைக்காமல் சீட்டுப் போட வேண்டி வந்தது ஏன்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

ஞாயிறு வகுப்பு டீச்சர்:

நல்ல கேள்வி அண்ணா. பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் எடுக்கும்போது வாசல்களின் பெயரோடு நிறுத்திவிடுவோம். ஆட்டு வாசல், மீன் வாசல், குப்பைமேட்டு வாசல், ஊருணி வாசல் என்று பாட்டாகவே சொல்லிக் கொடுப்போம். 11-ஆம் அதிகாரத்தைப் பெயர்ப் பட்டியல் என்று தாண்டிவிடுவதுதான் வழக்கம்.

இதோடு தீர்க்கதரிசி சகரியாவையும் சேர்த்துப் படிக்கலாம் என்று தோன்றுகிறது. ஆலயம் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் அவர் சொன்ன தரிசனம்: எருசலேமின் தெருக்களில் கிழவர்களும் கிழவிகளும் கையில் கோலோடு உட்கார்ந்திருப்பார்கள், தெரு நிறையப் பிள்ளைகள் விளையாடுவார்கள். வேறோர் இடத்தில், ஜனமும் மிருகஜீவனும் பெருகுவதால் எருசலேம் மதிலில்லாத ஊரைப்போல் இருக்கும் என்கிறார். எழுபது எண்பது வருடம் கழித்துப் பார்த்தால் நிலைமை தலைகீழ். மதில் இருக்கிறது, பிள்ளைகள் விளையாடத் தெருவில்லை. அந்தத் தலைமுறைக்கு இது எவ்வளவு வலித்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

வயல்வரப்பு:

ஏன் போகவில்லை என்பதற்குப் பதில் அதே புத்தகத்தின் 5-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அவர்கள் எல்லாரும் விவசாயிகள்.

மதில் வேலை நடக்கும்போதே ஜனங்கள் கூக்குரல் போடுகிறார்கள். ஒரு கூட்டம், பிள்ளைகுட்டி அதிகம், சாப்பாட்டுக்குத் தானியம் இல்லை என்கிறது. இன்னொரு கூட்டம், பஞ்சத்தில் வயலையும் திராட்சத் தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைத்துவிட்டோம் என்கிறது. மூன்றாவது கூட்டம் ராஜாவுக்குத் தீர்வை கட்டக் கடன் வாங்கியது. மகன்களையும் மகள்களையும் அடிமையாகக் கொடுக்க வேண்டியதாயிற்று, மகள்களில் சிலர் ஏற்கெனவே அடிமைப்பட்டுவிட்டார்கள் என்று அழுகிறார்கள். கடன் கொடுத்தவர்கள் யார்? சொந்த ஜனத்தின் பிரபுக்களும் அதிகாரிகளும். நெகேமியா சபையைக் கூட்டி, அடகு பிடித்த நிலத்தையும், வட்டியாக வாங்கிய நூற்றில் ஒரு பங்கையும் அன்றைக்கே திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கிறோம் என்று ஆணையும் இடவைக்கிறார்.

இப்போது அந்த விவசாயியின் இடத்தில் நின்று பாருங்கள். அடகு போன நிலம் இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது. கொடியைக் கவாத்து செய்ய வேண்டும், எலுமிச்சை மாதிரி காய்த்துத் தள்ளும் மரமில்லை ஒலிவம், அதற்கு வருடக்கணக்கில் பொறுமை வேண்டும். அந்த நேரத்தில் சீட்டு விழுகிறது, கிளம்பு எருசலேமுக்கு என்று. போகிற இடத்தில் வீடு கிடையாது, எங்கே பார்த்தாலும் இடிபாடு. உள்ளே உழுது பயிரிட நிலம் கிடையாது. நகரத்தில் வருமானம் தரும் ஒரே பெரிய நிறுவனம் ஆலயம், அதன் வருமானமோ கிராமத்திலிருந்து வரும் தசமபாகம், அதாவது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு. போனவன் வாழ்க்கை ஊரில் இருப்பவன் கொடுப்பதை நம்பித்தான்.

அந்த நம்பிக்கை ஒருமுறை பொய்த்தும் போனது. 13-ஆம் அதிகாரத்தில், நெகேமியா ராஜாவிடம் போயிருந்த சமயத்தில் ஆலயப் பணிக்கென்று இருந்த கோத்திரத்தாரான லேவியருக்கும், பாடகருக்கும் பங்கு போய்ச் சேரவில்லை. அவர்கள் என்ன செய்தார்கள்? அவரவர் வயலுக்கு ஓடிப்போனார்கள். அவர்கள்மேல் தப்பு சொல்ல மாட்டேன். வயிறு காய்ந்தால் யாரும் வயலுக்குத்தான் போவார்கள். நெகேமியாவும் அவர்களைத் திட்டவில்லை, பங்கு கொடுக்காத அதிகாரிகளைத்தான் கண்டித்தார். பிறகு களஞ்சியத்துக்கு நம்பகமான ஆட்களை வைத்து, ஓடிப்போனவர்களைக் கூட்டி வந்து அவரவர் இடத்தில் நிறுத்தினார்.

ஆக, சீட்டுப் போட்டது பக்தி குறைந்ததால் என்று யாரும் எழுதிவிடாதீர்கள். போவதால் வரும் நஷ்டத்தை ஒரே ஊர், ஒரே குடும்பத்தின் தலையில் கட்டாமல் எல்லார்மேலும் சமமாக விழவைக்கும் வழி அது.

மண்வெட்டி:

அகழாய்வுப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன். பட்டணம் விசாலம், ஜனம் கொஞ்சம் என்ற வரி மண்ணோடு நன்றாகவே ஒத்துப்போகிறது.

கி.மு. 586-ல் பாபிலோனியர் இடித்துத் தீர்ப்பதற்கு முன் எருசலேம் மேற்கு மலை வரை பரந்திருந்தது. பாரசீகக் காலத்தில் குடியிருப்பு கிழக்கு மலையின் குறுகிய முகட்டோடு சுருங்கிவிட்டது. அதாவது தாவீதின் நகரம் என்று சொல்லப்படும் பகுதியும் ஆலய மலையும் மட்டும். 1960-களில் அங்கே தோண்டிய கேத்லீன் கென்யன், கிழக்குச் சரிவின் பழைய படிக்கட்டு வரிசைகள் சரிந்து ஒரே கற்குவியலாகக் கிடந்ததைக் கண்டார். அந்தச் சரிவைக் கைவிட்டு முகட்டின் விளிம்பிலேயே நெகேமியாவின் மதில் போனது என்பது அவர் முடிவு. 2-ஆம் அதிகாரத்தில் நெகேமியா ராத்திரியில் சவாரி போய் மதிலைப் பார்வையிடுகிறார் இல்லையா? ஊருணி வாசலும் ராஜாவின் குளமும் இருக்கும் பக்கம், ஏறிவந்த மிருகம் கடந்துபோக வழியில்லை என்கிறார். அந்தச் சரிவை நேரில் பார்த்தவர்களுக்கு அந்த வசனம் அப்படியே புரியும்.

மக்கள்தொகையில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. ஓதெத் லிப்ஷிட்ஸ் கணக்கு ஆயிரத்துக்குச் சற்று மேலே போகிறது. இஸ்ரேல் ஃபிங்கல்ஸ்டைன் சில நூறு பேர்தான் என்கிறார். அந்தக் காலத்தில் புதிதாக மதில் கட்டியதற்கே அகழாய்வில் தடயமில்லை என்பதும் அவர் வாதம். இதற்கு மாறாக எய்லாத் மசார் 2007-ல், சரியும் நிலையிலிருந்த ஒரு கோபுரத்தைப் பிரித்தபோது அதன் அடியில் பாரசீகக் காலப் பானை ஓடுகளும் நாய்களைப் புதைத்த குழிகளும் கிடைத்தன என்று சொல்லி, அது நெகேமியாவின் மதில் என்று அறிவித்தார். அடியில் கிடைத்த ஓடு, கோபுரம் அதற்குப் பிந்தியது என்றுதான் காட்டும், எவ்வளவு பிந்தியது என்று காட்டாது என்பது மற்றவர்கள் மறுப்பு. எனக்கு அந்த மறுப்பு நியாயமாகப் படுகிறது.

இப்போது 11-ஆம் அதிகாரத்தின் எண்களைக் கூட்டுங்கள். யூதா கோத்திரத்துப் பேரேசின் புத்திரர் 468, பென்யமீனர் 928, ஆசாரியர் 822, 242, 128, லேவியர் 284, வாசல் காவலர் 172. மொத்தம் 3,044, அதுவும் ஆண்கள் மட்டும். மனைவி மக்களைச் சேர்த்தால் பத்தாயிரத்தைத் தாண்டும். அந்த முகட்டில் அவ்வளவு பேரை எங்கே வைப்பது? இதற்கு என்ன சொல்கிறீர்கள் கீழவாசல்?

கீழவாசல்:

எண்களைப் பற்றி நானும் யோசித்திருக்கிறேன் மண்வெட்டி. 1 நாளாகமம் 9-ல் இதே பட்டியல் சற்று மாறி வருகிறது. அங்கே யூதாவில் 690, பென்யமீனில் 956, ஆசாரியர் 1,760, வாசல் காவலர் 212. ஒரே பட்டியல் இரண்டு காலத்தில் புதுப்பிக்கப்பட்டு இரண்டு புத்தகத்துக்குள் வந்ததுபோல் இருக்கிறது. அதனால் 3,044 என்பது சீட்டு விழுந்த அன்றைக்கு மூட்டை கட்டிக் கிளம்பியவர்களின் தலைக்கணக்கு என்று நான் வாதாட மாட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 7-ஆம் அதிகாரத்தில் வரும் 42,360-ஐப் பத்தால் வகுத்து 4,236 பேர் போனார்கள் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது சரிவராது. அந்த 42,360, பாபிலோனிலிருந்து முதலில் திரும்பிய கூட்டத்தின் தலைவன் செருபாபேலோடு வந்தவர்களின் கணக்கு. நெகேமியாவே அதைப் பழைய வம்ச அட்டவணையில் கண்டெடுத்ததாகத்தான் சொல்கிறார்.

நான் பார்ப்பது பட்டியலின் சாயலை. பேரேசின் புத்திரர் 468 பேரும் பராக்கிரமசாலிகள் என்று குறிக்கப்படுகிறார்கள். ஆசாரியரிலும் 128 பேர் அப்படியே. ஒவ்வொரு பிரிவுக்கும் தலைவன் பெயர் தனியாக வருகிறது. பென்யமீனருக்குச் சிக்ரியின் மகன் யோவேல் விசாரிப்புக்காரன், பட்டணத்துக்கு இரண்டாம் நிலை அதிகாரியாக யூதா என்று ஒருவன். குடும்ப அட்டவணை இப்படி இருக்காது. ஆட்களைப் பிரிவு பிரிவாக நிறுத்தி, யார் யாருக்குக் கீழே என்று எழுதிவைத்த காவல் படைப் பதிவேடு இப்படித்தான் இருக்கும்.

புதுவாசகன்:

கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள். அவ்வளவு காவல் யாருக்கு எதிராக? அப்போது எல்லாருமே பாரசீக ராஜாவின் பிரஜைகள்தானே. மதில் வேலையை எதிர்த்த சன்பல்லாத்தும் அதே ராஜாவுக்குத்தான் கட்டுப்பட்டவன். படையெடுத்து வந்துவிடுவானா?

கீழவாசல்:

தப்பில்லை தம்பி, கேட்க வேண்டிய கேள்விதான்.

சன்பல்லாத்து வேதாகமத்தில் மட்டும் வருகிறவன் இல்லை. எகிப்தின் தென்கோடியில் எலெபந்தீன் தீவில் யூதப் படைவீரர்களின் குடியிருப்பு ஒன்று இருந்தது. அவர்களுடைய ஆலயத்தை உள்ளூர்க்காரர்கள் இடித்துவிட்டார்கள். அதைத் திரும்பக் கட்ட உதவி கேட்டு கி.மு. 407-ல் யூதேயாவின் ஆளுநர் பகோகிக்கு அவர்கள் அரமேய மொழியில் எழுதிய கடிதம் பாப்பிரஸில் கிடைத்திருக்கிறது. சமாரியாவின் ஆளுநர் சன்பல்லாத்தின் மகன்கள் தெலாயாவுக்கும் செலேமியாவுக்கும் இதையே எழுதியிருக்கிறோம் என்று அதில் வருகிறது. ஆக, சன்பல்லாத்து பக்கத்து மாகாணத்தின் ஆளுநர், அதிகாரமும் ஆட்களும் உள்ளவன்.

வடக்கே அவன், கிழக்கே அம்மோனியனான தொபியா, தெற்கே அரபியனான கேஷேம், மேற்கே அஸ்தோத்தியர். நாலு பக்கமும் அடைத்தாயிற்று. நெகேமியா வருவதற்கு முன் ஒரு அடி ஏற்கெனவே விழுந்திருந்தது. எஸ்றா 4-ஐப் பாருங்கள். இந்தப் பட்டணத்தையும் மதிலையும் கட்ட விட்டால் தீர்வை வராது, கலகம்தான் வரும் என்று சமாரியாவிலிருந்து பாரசீக ராஜா அர்தசஷ்டாவுக்குக் கடிதம் போகிறது. ராஜா வேலையை நிறுத்தச் சொல்கிறான். உத்தரவு கிடைத்ததும் அவர்கள் விரைந்து போய்ப் பலவந்தமாக நிறுத்துகிறார்கள். ராஜாவின் அரண்மனை இருந்த சூசானில் நெகேமியாவிடம் ஆனானி கொண்டுவந்த சேதி, மதில் இடிந்தது, வாசல்கள் எரிந்தன என்பது, 140 வருடத்துக்கு முந்தைய பாபிலோனிய அழிவைப் பற்றி இருக்காது, இந்தப் புது அடியைப் பற்றித்தான் என்று பலர் கருதுகிறார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. பழைய சேதிக்கு யாராவது நாள்கணக்கில் உட்கார்ந்து அழுது உபவாசம் இருப்பார்களா?

அதே ராஜா பிறகு மனம் மாறி நெகேமியாவை அனுப்புகிறான். வனக் காவலன் ஆசாபுக்கு மரம் கொடுக்கச் சொல்லிக் கடிதம், கூடவே படைத்தலைவர்களும் குதிரைவீரர்களும். கி.மு. 460-களின் கடைசியில் எகிப்து கிளம்பிப் பெரிய கலகம் செய்து அடக்கப்பட்டிருந்தது. எகிப்துக்குப் போகும் வழிப்பக்கம் நம்பகமான, பலப்படுத்திய ஊர் ஒன்று இருப்பது ராஜாவுக்கும் நல்லதுதானே.

வெளியாளைவிடப் பெரிய சிக்கல் உள்ளே இருந்தது. மெசுல்லாம் என்று ஒருவர், பெரகியாவின் மகன். 3-ஆம் அதிகாரத்தில் அவர் பெயர் இரண்டு தடவை வருகிறது. மீன் வாசல் பக்கம் ஒரு பங்கு மதிலைப் பழுதுபார்த்தார், பிறகு தன் அறைக்கு எதிரே இன்னொரு பங்கு. உழைப்பாளி, சந்தேகமில்லை. அவருடைய மகளைக் கட்டியது யார் தெரியுமா? தொபியாவின் மகன். 6-ஆம் அதிகாரம் முடியும் இடத்தில் நெகேமியா சொல்கிறார்: யூதாவின் பிரபுக்களிடமிருந்து தொபியாவுக்கும், தொபியாவிடமிருந்து அவர்களுக்கும் கடிதங்கள் போய்வந்துகொண்டே இருந்தன. அவன் நல்லவன் என்று என்னிடமே சொன்னார்கள், நான் சொன்னதை அவனிடம் போய்ச் சொன்னார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் கதவை யார் திறக்கிறார்கள், எப்போது திறக்கிறார்கள் என்பது உயிர்ப் பிரச்சினை. தன் தம்பி ஆனானியை நெகேமியா அதிகாரியாகப் போட்டதும், அனனியாவைப் பற்றி அநேகரைவிட உண்மையுள்ளவன், தேவனுக்குப் பயந்தவன் என்று எழுதிவைத்ததும் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஒலிவமலை:

எல்லாரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள். மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

586-ல் எல்லாரும் சிறைபோகவில்லை. நிலத்தைப் பயிரிடவும் திராட்சத் தோட்டங்களைப் பார்க்கவும் ஏழைகளை பாபிலோனியர் விட்டுப்போனார்கள் என்று 2 இராஜாக்கள் 25-லேயே இருக்கிறது. நிர்வாகத்தை மிஸ்பாவில் கெதலியாவிடம் கொடுத்தார்கள். தேசம் காலியாகிவிடவில்லை. மிஸ்பாவைச் சுற்றியுள்ள பென்யமீன் ஊர்களில் வாழ்க்கை தொடர்ந்தது. அப்படித் தங்கிப்போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, பாபிலோனிலிருந்து வம்ச அட்டவணையோடு வந்தவர்கள் என்ன இடம் கொடுத்தார்கள்? அட்டவணையில் பெயர் காணாத ஆசாரியர்களை ஆசாரிய ஊழியத்திலிருந்து விலக்கினார்கள். சன்பல்லாத்து கூட்டத்துக்கு நெகேமியா கொடுத்த முதல் பதிலே, எருசலேமில் உங்களுக்குப் பங்கும் இல்லை, பாத்தியமும் இல்லை, பேர்சொல்ல ஒன்றும் இல்லை என்பது. கடைசி அதிகாரத்தில், அந்நியப் பெண்களைக் கட்டியவர்களில் சிலரை அடித்து மயிரைப் பிய்த்ததாக அவரே எழுதுகிறார். பிரதான ஆசாரியனின் பேரன் சன்பல்லாத்தின் மருமகன் என்பதற்காகத் துரத்திவிட்டார்.

காவல் என்பது கெட்டவனை வெளியே நிறுத்துவது மட்டுமில்லை. யார் நம்மவர் என்று தீர்மானிப்பதும் அதில்தான் இருக்கிறது. அதைப் பேசாமல் இந்த மதிலைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

கீழவாசல்:

ஒலிவமலை, நீங்கள் சொன்ன 13-ஆம் அதிகாரச் சம்பவங்களுக்கு நான் சாக்குச் சொல்லப் போவதில்லை. அந்தக் குடும்பங்களுக்கு அது பெரிய கொடுமை.

ஆனால் நகரத்துக்குக் குடிபோனவர்கள் பாபிலோன் கூட்டம் மட்டும் என்பதை ஏற்க முடியவில்லை. மதில் கட்டியவர்களின் பட்டியலைப் பாருங்கள். கிபியோன் ஊரார், மிஸ்பா ஊரார், தெக்கோவா ஊரார், சனோவா ஊரார், கேகிலா வட்டாரத்துத் தலைவர்கள். சிறைபோகாமல் தேசத்திலேயே தங்கியவர்கள் இருந்த ஊர்கள் என்று நீங்களே குறிப்பிட்ட பக்கத்து ஆட்களும் இதில் உண்டு. 1 நாளாகமம் 9 இன்னும் ஒரு படி போய், எருசலேமில் யூதா, பென்யமீன் புத்திரரோடு எப்பிராயீம், மனாசே புத்திரரிலும் சிலர் குடியிருந்தார்கள் என்கிறது. அந்த இரண்டும் வடநாட்டுக் கோத்திரங்கள், சன்பல்லாத்தின் ஆளுகைக்கு உட்பட்ட மண்.

தெக்கோவாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஊர்ப் பிரபுக்கள் வேலைக்குத் தோள்கொடுக்கவில்லை என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. அப்படியும் அந்த ஊர்ச் சாதாரண ஜனங்கள் ஒரு பங்கை முடித்துவிட்டு ஓபேலின் மதில்வரை இன்னொரு பங்கும் கட்டினார்கள்.

ஒலிவமலை:

எப்பிராயீம், மனாசே வசனம் நல்ல பதில். ஒத்துக்கொள்கிறேன். அப்படியும் வாசலில் நிற்பவன் கையில் இருந்த அதிகாரத்தைப் பற்றி நான் சொன்னது நிற்கிறது.

கீழவாசல்:

நிற்கட்டும். அது இருக்க வேண்டிய கேள்விதான்.

ஞாயிறு வகுப்பு டீச்சர்:

வாசலில் நிற்பவர்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். 1 நாளாகமம் 9-ன் பிற்பகுதியை நேற்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். வாசல் காவலர் வேலை இவ்வளவு விவரமாக அங்கே இருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

நாலு திசைக்கும் காவல். நாலு தலைமைக் காவலர்கள் நிரந்தரமாக இருப்பார்கள், அவர்கள் லேவியர். மற்ற சகோதரர்கள் கிராமங்களில் வாழ்ந்தார்கள், ஏழு நாளைக்கு ஒருமுறை முறைவைத்து வந்து நிற்பார்கள். ராத்திரியில் ஆலயத்தைச் சுற்றியே படுக்கை, ஏனென்றால் காலையில் திறக்கும் பொறுப்பு அவர்களுடையது. ஆராதனைப் பாத்திரங்களை எண்ணி உள்ளே கொண்டுபோவார்கள், எண்ணித்தான் வெளியே எடுப்பார்கள். மாவு, திராட்சரசம், எண்ணெய், சாம்பிராணி எல்லாம் சிலர் பொறுப்பு. சல்லூமின் மூத்த மகன் மத்தித்தியாவுக்குச் சட்டிகளில் பலகாரம் சுடும் பொறுப்பு. பாடகர்களுக்கு இரவும் பகலும் வேலை என்பதால் வேறு வேலை கிடையாது.

நகரத்தைக் காப்பது என்றால் ஈட்டியோடு நிற்பது என்றுதான் பிள்ளைகளுக்குப் படம் வரைந்து காட்டுகிறோம். பாத்திரத்தை எண்ணி எடுத்து எண்ணி வைத்தவர்களையும் இனிமேல் சொல்லிக் கொடுக்கப் போகிறேன்.

வயல்வரப்பு:

டீச்சர் அக்கா சொன்னதில் ஏழு நாள் முறையைக் கவனியுங்கள். எல்லாரையும் நிரந்தரமாக இழுத்துவந்து அடைக்கவில்லை. நிலம் ஊரில், முறை நகரத்தில். விவசாயிக்கு இது ஒத்துவரும். மண்வெட்டி கேட்ட பத்தாயிரம் பேருக்கு இடம் எங்கே என்ற கேள்விக்கும் இதில் பாதி விடை இருக்கலாம். பதிவேட்டில் பெயர் உண்டு, ஆள் எந்நேரமும் உள்ளே இல்லை.

மண்வெட்டி:

அது நல்ல யோசனை. யூதேயா மாகாண முத்திரை குத்திய ஜாடிக் கைப்பிடிகள் எருசலேமில் கிடைப்பதைவிட, தெற்கே சில கிலோமீட்டரில் இருக்கும் ராமத் ராகேலில் அதிகம். எண்ணெயும் திராட்சரசமும் அங்கே திரட்டப்பட்டன. நகரம் சுற்றுவட்டார ஊர்களின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருக்கிறது.

புதுவாசகன்:

பெண்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? 3,044 பேரும் ஆண்கள் என்கிறீர்கள். சீட்டு விழுந்தது ஆண் பெயருக்கு என்றாலும், அந்த இடிபாட்டுக்குள் போய் அடுப்பு மூட்டியவர்கள் யார்?

கீழவாசல்:

தம்பி, இந்த இழையில் வந்த கேள்விகளில் இதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது.

பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. 3-ஆம் அதிகாரத்தில் ஒரே ஒரு வெளிச்சம்: எருசலேம் மாவட்டத்தில் பாதிக்குத் தலைவனான சல்லூமும் (டீச்சர் சொன்ன சல்லூம் வேறு) அவன் மகள்களும் ஒரு பங்கு மதிலைப் பழுதுபார்த்தார்கள். பிரபுவின் மகள்கள் கல்லும் சுண்ணாம்புமாக நின்றிருக்கிறார்கள். 5-ஆம் அதிகாரக் கூக்குரலிலும் ஜனங்களோடு அவர்கள் மனைவிகளும் முறையிட்டார்கள் என்று தனியாகச் சொல்லியிருக்கிறது. மதில் பிரதிஷ்டை நாளில் ஸ்திரீகளும் பிள்ளைகளும் களிகூர்ந்தார்கள், எருசலேமின் மகிழ்ச்சி தூரத்தில் கேட்டது என்று 12-ஆம் அதிகாரம் சொல்கிறது. அதாவது அன்றைக்குக் குடும்பங்கள் அங்கே இருந்தன.

வீட்டுப் பிரச்சினைக்கு வேதாகமத்துக்கு வெளியே ஒரு குறிப்பு உண்டு. முதல் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யோசேபஸ், நகரத்தில் ஜனம் குறைவாக இருந்ததைக் கண்ட நெகேமியா, கிராமங்களை விட்டு நகரத்துக்கு வந்து தங்கும்படி ஆசாரியரையும் லேவியரையும் கேட்டுக்கொண்டு, தன் சொந்தச் செலவில் அவர்களுக்கு வீடு கட்டிக்கொடுத்தார் என்கிறார். மதில் வேலை இரண்டு வருடம் நாலு மாதம் நடந்தது என்று எழுதியவரும் அவரே, அதனால் அவர் சொல்வதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் இந்த ஒன்று நெகேமியாவின் குணத்தோடு பொருந்துகிறது. பன்னிரண்டு வருடம் ஆளுநர் படியை வாங்காமல், தினம் ஒரு காளையும் ஆறு ஆடும் சமைத்து 150 பேருக்குத் தன் பந்தியில் சாப்பாடு போட்டவர். ஜனங்கள்மேல் பாரம் கடினமாயிருந்தது என்று காரணமும் சொல்கிறார்.

ஞாயிறு வகுப்பு டீச்சர்:

ஓய்வுநாள் சம்பவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அண்ணா. தீரு ஊர் வியாபாரிகள் மீனும் சரக்கும் கொண்டுவந்து ஓய்வுநாளில் விற்கிறார்கள். நெகேமியா முந்தின சாயங்காலம் வாசலில் நிழல் விழுந்ததுமே கதவைப் பூட்டச் சொல்லி, தன் வேலைக்காரரில் சிலரை நிறுத்துகிறார். வியாபாரிகள் ஒன்றிரண்டு தடவை மதிலுக்கு வெளியே ராத் தங்கிப் பார்க்கிறார்கள். மறுபடி இப்படிச் செய்தால் உங்கள்மேல் கைபோடுவேன் என்கிறார், அதோடு வரவில்லை. பிறகு அந்தக் காவலை லேவியரிடமே கொடுத்துவிட்டார்.

வயல்வரப்பு:

மீன்காரன் மதிலடியில் படுத்துக் காத்திருக்கிறான் என்றால் உள்ளே வாங்க ஆள் இருக்கிறது என்று அர்த்தம். 7-ஆம் அதிகாரத்தில் வீடில்லாமல் கிடந்த ஊர் 13-ஆம் அதிகாரத்துக்குள் சந்தை கூடும் ஊராகிவிட்டது. சீட்டு வேலை செய்திருக்கிறது.

கீழவாசல்:

அருமையாகக் கவனித்தீர்கள். அது என் கண்ணில் படவில்லை.

கிராமத்தில் தங்கிய ஒன்பது பங்கைப் பற்றியும் 11-ஆம் அதிகாரம் ஊர் ஊராக எழுதிவைத்திருக்கிறது. கீரியாத்அர்பா, பெயெர்செபா, சிக்லாகு, லாகீஸ் என்று பெயெர்செபா முதல் இன்னோம் பள்ளத்தாக்கு வரை. பாடகர்கள் எருசலேமைச் சுற்றிலும் தங்களுக்குக் கிராமங்கள் கட்டிக்கொண்டார்கள் என்று 12-ல் வருகிறது. பிரதிஷ்டைக்கு அவர்களைத் தேடி அழைத்து வந்தார்கள். இந்த ஊர்களில் பல அந்தக் காலத்தில் யூதேயா மாகாண எல்லைக்கு வெளியே இருந்தவை என்று ஒரு வாதம் உண்டு. மண்வெட்டி, நேரம் கிடைக்கும்போது அந்த ஊர்களை வரைபடத்தில் குறித்துப் போட முடியுமா? லாகீஸ் பக்கம் கிடைத்த பாரசீகக் கால மாளிகையைப் பற்றியும் எழுதுங்கள். அங்கிருந்து தொடரலாம்.

மண்வெட்டி:

போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் தயார் செய்து இதே இழையில் சேர்க்கிறேன்.